காட்டேரிக் காதலும் பழையனூர் நீலியும்

பட்டான்செருவிலும், இராமச்சந்திராபுரத்திலும், இலிங்கம்பல்லியிலும் பெண் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் செல்லும் அன்பர்கள், பாடப் புத்தகங்களின் நடுவே கறுப்பு அட்டை போட்ட தடித்த ஆங்கில நாவல்கள் சில கிடப்பதைக் கண்டிருக்கலாம். ஒன்றன் அட்டையில் வெளுத்த இரு கைகள் சிவந்த ஆப்பிள் ஒன்றை ஏந்தி நிற்கும்; மற்றொன்றில் சதுரங்கக் காய்கள் நிற்கும். தமக்கை படித்துத் தங்கைக்குத் தந்து, தங்கை தோழிக்குத் தந்து, ஓரம் மடங்கிக் கையழுக்கு ஏறிய பிரதிகள் அவை. ‘ட்வைலைட்’, ‘நியூ மூன்’, ‘எக்லிப்ஸ்’, ‘பிரேக்கிங் டான்’ என்பன அவற்றின் பெயர்கள். 2005 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தவை. அந்தி, அமாவாசை, கிரகணம், விடியல் என்று நம் மொழியில் ஒருவாறு சொல்லிக்கொள்ளலாம்.

எழுதியவர் ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அரிசோனா மாநிலத்தில் மூன்று ஆண் மக்களை வளர்த்துக்கொண்டு இல்லத்தரசியாக இருந்தவர். 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு கண்ட கனவே இக்கதைக்கு வித்து என்று அவரே கூறியிருக்கிறார். ஒரு புல்வெளியில் சாதாரணப் பெண் ஒருத்தியும் இரத்தக்காட்டேரி ஒருவனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு அவள்மீது காதல். அவளுடைய இரத்தத்தின் மணமோ அவனை வதைக்கிறது. அக்கனவை எழுதத் தொடங்கியவர் நான்கு நூல்களில் போய் நின்றார். பத்துக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்கள் வந்தன. நான்காம் நூல் வெளியான முதல் நாளில் அமெரிக்காவில் மாத்திரம் 13 இலட்சம் பிரதிகள் விலைபோயின என்றால், அதை எத்தனை பேர் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்கள் என்பது விளங்கும்.

பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த எனக்கு ஆங்கில நாவல் படிக்கும் பழக்கம் அதிகமில்லை. இதில் நான் புகுந்ததற்குக் காரணம் குடும்ப வழக்கு ஒன்று. இன்டர்மீடியட் முதலாண்டு படிக்கும் பெண் இரவெல்லாம் பேய்க் காதல் படிக்கிறாள் என்று என் தமக்கை அந்நான்கையும் பழைய காகிதக்காரனிடம் போட முற்பட்டார். “மாமா படித்துவிட்டுச் சொல்லட்டும்; அதற்குப் பிறகு போடுங்கள்” என்று பெண் மேல்முறையீடு செய்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பணி முடிந்த மாலைகளில் நான்கையும் படித்தேன். இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் நூல் என்னைப் பிடித்துக்கொண்டது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண், வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்குத் தந்தையோடு வசிக்க வருகிறாள். தந்தை அவ்வூர்க் காவல்துறைத் தலைவர். பள்ளியில் எட்வர்ட் என்பவனைக் காண்கிறாள். பார்வைக்கு அவனும் பதினேழு வயதினன். உண்மையில் 1918-இல் சிகாகோவில் விஷ சுரத்தால் சாகக் கிடந்தவன். அவனைக் காட்டேரியாக்கிப் பிழைக்க வைத்தவர் கார்லைல் என்ற மருத்துவர். அவரும் காட்டேரியே. பதினேழாம் நூற்றாண்டில் இலண்டனில் பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். காட்டேரி கடித்துத் தாமும் காட்டேரி ஆனவுடன் தம்மையே வெறுத்து, பட்டினி கிடந்து சாக முயன்றவர். ஒருநாள் மான் கூட்டம் ஒன்று கடந்துபோகையில், மனிதரைக் கொல்லாமலும் உயிர்வாழ வழியுண்டு என்று கண்டவர். நூற்றாண்டுக் கணக்கில் தம்மைப் பழக்கி, இரத்தம் பெருகும் அறுவைக் கூடத்திலே நின்று பிறர் உயிரைக் காக்கும் நிலையை எய்தியவர். அவருடைய குடும்பத்தார் விலங்கின் இரத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, தங்களை வேடிக்கையாகச் சைவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்!

இங்கே தமிழ் படித்த எவருக்கும் ஒரு நினைவு எழாமல் இராது. கொலையைக் கைவிட்ட பேய் நமக்குப் புதியதா? ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் தலைவியே அப்படிப்பட்டவள்தானே!

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத சமண ஆசிரியர் ஒருவர் செய்த நூல் அது. பாஞ்சால நாட்டில் காளி கோட்டத்துக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம், மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்று கூறி முனிச்சந்திரர் என்னும் முனிவர் பலியைத் தடுத்துவிடுகிறார். அவரை விரட்ட அவ்வூர்க் காளியால் ஆகவில்லை. தென்னாட்டுப் பழையனூரிலிருந்து நீலி என்னும் பேயை வரவழைக்கிறாள். நீலி கோர வடிவங்களைக் காட்டி அச்சுறுத்துகிறாள், முனிவர் அசையவில்லை. அரசகுமாரியின் வடிவெடுத்து மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. இறுதியில் அவர் காலடியில் அமர்ந்து கொல்லாமையைக் கேட்டு, கொலைத்தொழிலை விடுகிறாள். அதோடு கதை முடிந்ததா என்றால், அங்கேதான் கதையே தொடங்குகிறது. தான் பெற்ற அறத்தை ஊர் ஊராகச் சென்று நிலைநாட்டும் கடமை அவள் தலைமேல் விழுகிறது. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் என்று ஒவ்வொரு சமயத்தாரின் முன்னும் தனியொருத்தியாக நின்று வாதிடுகிறாள். அந்த வாதங்களின் நேர்மையைப் பற்றிப் பிற சமயத்தாருக்கு வேறு கருத்து இருக்கலாம். பேயாக இருந்தவள் மனந்திருந்தியதற்கு ஈடாக ஓர் ஆயுட்காலப் பணியை ஏற்றாள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

கார்லைலைப் படித்தபோது எனக்கு நீலகேசியின் ஞாபகம் வந்தது. இவ்வளவு நல்ல விதையை ஊன்றிய ஆசிரியை இதை எங்கே கொண்டுபோவார் என்று ஆவலோடு புரட்டினேன்.

வழியில் ஒரு வார்த்தை. இவருடைய காட்டேரிகள் வெயிலில் எரிந்து சாம்பலாவதில்லை, வைரம்போல் மின்னுகிறார்கள் என்று உலகமே எள்ளி நகையாடியது. எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. காட்டேரிக்கு விதிகள் ஆதிமுதல் ஒன்றாக இருந்ததே கிடையாது. ஆங்கிலத்தில் பொலிடோரி 1819-இல் எழுதியது ஒருவகை. லெஃபானு 1872-இல் எழுதிய ‘கார்மில்லா’ மற்றொரு வகை. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’விலேயே அந்தப் பிரபு பகலில் நடமாடுகிறான், அவனுடைய ஆற்றல்தான் அப்போது குன்றும். வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பது 1922-ஆம் ஆண்டு ஜெர்மானிய ஊமைப்படமாகிய ‘நோஸ்ஃபெராட்டு’ நிலைப்படுத்திய வழக்கம். நம் விக்கிரமாதித்தன் தோளில் சுமந்த வேதாளத்தையே பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1870-இல் காட்டேரி என்று மொழிபெயர்த்து நூல் போட்டார்! ஆகையால் ஓர் ஆசிரியர் தம் கதைக்கு வேண்டியபடி விதி வகுத்துக்கொள்ளலாம். வகுத்தபின் அவ்விதிக்குத் தாமும் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். வேதாளத்தின் விதி நம் குழந்தைகளுக்கும் தெரியும். விடை தெரிந்தும் அரசன் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் முருங்கைமரம் ஏறிவிடும். ஒரு கதையில் அரசன் விடையும் சொல்லி வேதாளமும் தோளிலேயே இருந்துவிட்டால், அதன்பின் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

மேயர் அம்மையார் மூன்று நூல்களில் வகுத்த விதிகள் இவை. காட்டேரியானவர் தம் பெற்றோரையும் உற்றாரையும் என்றென்றைக்கும் துறக்க வேண்டும். பெண்ணானால் தாய்மை இல்லை. புதிதாகக் காட்டேரியானவருக்கு ஓராண்டு வரையேனும் இரத்தவெறி அடங்காது. அறிவு கலங்கிக் கண்ணில் பட்டவரைக் கொல்வர். இவை போகிற போக்கில் சொன்னவை அல்ல. இரண்டாம் நூலில், பெல்லாவின் பதினெட்டாம் பிறந்தநாளில், பரிசுப் பொதியின் காகிதம் அவள் விரலைக் கீறி ஒரு துளி இரத்தம் கசிகிறது. எட்வர்டின் உடன்பிறந்தான் முறையாகிய ஜாஸ்பர் அக்கணமே அவள்மேல் பாய்கிறான். பல்லாண்டு பழகியவனுக்கே அந்நிலை. மூன்றாம் நூலில் சியாட்டில் நகரத்தில் புதிய காட்டேரிகளின் படை ஒன்று நாள்தோறும் மனிதரைக் கொன்று குவிக்கிறது. பெல்லாவோ தானும் காட்டேரியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். வேண்டாம் என்று எட்வர்ட் மன்றாடுகிறான். நமக்கும் நெஞ்சு பதைக்கிறது. இவள் தந்தையை எங்ஙனம் பிரிவாள்? தன் ஊராரில் ஒருவரைக் கொன்றுவிட்டால் அந்தப் பாவத்தோடு முடிவில்லாத வாழ்நாளை எங்ஙனம் கழிப்பாள்?

நான்காம் நூல் 750 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் இவ்வினாக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகின்றன. தாய்மை இல்லை என்றார்கள். திருமணமான சில வாரங்களிலேயே கருவுறுகிறாள். அந்தப் பேறுகாலப் பகுதி உண்மையிலேயே கொடியது, வலிமையாக எழுதப்பட்டது. தாயின் விலா எலும்பை முறிக்கும் சிசு அது. நூலின் உயர்ந்த இடம் அதுவே. ஆனால் அவள் காட்டேரியாகக் கண்விழித்த பிறகு நடப்பதைப் பாருங்கள். முதல் வேட்டையில் மனித வாடை மூக்கில் ஏறுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவிடுகிறாள். முடிந்தது! கார்லைலுக்கு நூற்றாண்டுகள் பிடித்த தவம், ஜாஸ்பருக்கு இன்னும் கைகூடாத தவம், இவளுக்கு ஒரு மாலைப்பொழுதில் சித்தித்துவிடுகிறது. ஜாஸ்பரே மனம் குழம்பி விலகிப் போவதாக ஆசிரியை எழுதுகிறார். அவனுக்காக நானும் வருந்தினேன். தந்தையைத் துறக்க வேண்டும் என்றார்கள். சில நாட்களில் தந்தை வீட்டுக்கு வந்து பேத்தியைக் கொஞ்சிவிட்டுச் செல்கிறார். அவளைக் காதலித்துத் தோற்ற ஜேக்கப் என்ற ஓநாய்வீரன் ஒருவன் இருக்கிறான். அவனது துயரத்துக்கு ஆசிரியை கண்ட பரிகாரம், பிறந்து நாழிகை ஆகாத அவளுடைய குழந்தையோடு அவன் விதி பிணைந்துவிட்டது என்பது! முன்னாள் காதலியின் கைக்குழந்தையை வருங்காலத் துணைவியாக வரித்தவனை அக்குடும்பமே ஏற்றுக்கொள்கிறது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் சற்று உலாவி வந்தேன்.

பிறகு போர். சதுரங்கக் காய்களை அட்டையில் போட்டிருப்பதே போரை முன்னிட்டுத்தான். இத்தாலியில் வோல்டூரி என்ற பழைமையான காட்டேரிக் குலத்தார் அக்கூட்டம் முழுமைக்கும் அரசாக விளங்குகிறார்கள். குழந்தையைக் காரணமாக்கி அவர்கள் படையெடுத்து வருகிறார்கள். கார்லைலின் நண்பர்கள் உலகெங்கும் இருந்து வந்து கூடுகிறார்கள். பயிற்சி நடக்கிறது. பிரியாவிடைகள் நடக்கின்றன. பெல்லா குழந்தைக்கு மாற்றுப் பெயரில் பயணச் சான்றுகள்கூட ஆயத்தம் செய்கிறாள். பனி படிந்த வெளியில் இரு அணிகளும் எதிர்நிற்கின்றன. பேச்சு நடக்கிறது. பொய்ச் செய்தி கொண்டுபோன ஒருத்தியை மாத்திரம் வோல்டூரியார் கொல்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து சாட்சி ஒருவன் வந்து சேர்கிறான். தானும் அப்படிப் பிறந்தவன்தான், நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு தீங்கும் இல்லை என்கிறான். வந்த படை திரும்பிப் போகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போய் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

என் தமக்கை மகள் கேட்டாள்: “எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டதே மாமா, பிறகு எதற்காக மூன்று புத்தகம் பயந்தோம்?”

அவளுடைய ஏமாற்றத்துக்குத் துணை உலகெங்கும் உண்டு. நூல் வெளிவந்த காலத்திலேயே, அதுவரை கொண்டாடிய வாசகியருள் ஒரு சாரார், வாங்கிய பிரதியைக் கடைக்கே திருப்பிக் கொடுப்போம் என்று குரல் எழுப்பினார்கள். நான் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்தவன். அவர்கள் கோபம் எனக்கு எளிதில் புரிகிறது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு நாங்கள் வாக்கு எதுவும் கொடுப்பதில்லை. இடம் கிடைக்காவிட்டால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். பெட்டியும் படுக்கை எண்ணும் குறித்துச் சீட்டுக் கொடுத்தபின் வண்டியில் அந்தப் பெட்டியையே இணைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று எந்த நிலையத்து எழுத்தரையும் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியையின் சமாதானத்தையும் சொல்வதே நியாயம். இறுதிக் காட்சிக்குத் தமக்கு முன்மாதிரி ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ என்று அவர் கூறியிருக்கிறார். கதையிலும் ஆலிஸ் என்பவள் அந்நாடக நூலின் ஏட்டைக் கிழித்து அதில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். வாளால் தீராததை வாதத்தால் தீர்ப்பது கருத்து. நல்ல கருத்துதான், நீலகேசி முழுவதும் வாதந்தான். ஆனால் அந்நாடகத்தை நம் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அந்தோனியோ மார்பைத் திறந்து கத்திக்கு முன் நிற்கிறான். தசையை அறுத்துக்கொள், ஒரு துளி இரத்தமும் சிந்தக்கூடாது என்று தீர்ப்பு வருகிறது. இரத்தமே பொருளாகிய காட்டேரிக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மேற்கோள் வேண்டுமா? ஆயினும் அங்கே ஷைலாக் செல்வத்தை இழக்கிறான், மகளை இழக்கிறான், மதத்தையும் இழக்கிறான். அவன் தள்ளாடி வெளியேறும்போது வென்றவர்களைப் பற்றியே நமக்கு ஓர் ஐயம் பிறக்கிறது. இங்கே வோல்டூரியார் வந்தபடியே போகிறார்கள். நாளை வேறு ஒரு குடும்பத்தின்மேல் படையெடுக்க அவர்களுக்குத் தடையொன்றும் இல்லை.

2012-இல் கடைசிப் படத்தை எடுத்தவர்களுக்கும் இந்தக் குறை உறைத்திருக்க வேண்டும். படத்தில் கார்லைலின் தலையே துண்டிக்கப்படுகிறது. பெரும்போர் மூண்டு, நாம் விரும்பியவர்கள் சிலர் மடிகிறார்கள். திடீரென்று அவ்வளவும், வருங்காலம் காணவல்ல ஆலிஸ் எதிரிக்குக் காட்டிய காட்சி என்று தெரிகிறது. நூலில் உள்ளபடியே சமாதானம் ஆகிறது. உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொன்ன சாமர்த்தியம்! அதன்பின் 2020-இல் ஆசிரியை மேலும் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ‘மிட்நைட் சன்’ என்பது அதன் பெயர். முதல் நூலின் கதையையே எட்வர்ட் தன் வாயால் மறுபடி சொல்கிறான். வேதாளம் முருங்கைமரம் ஏறியாயிற்று.

தாய்மாருக்காக ஒரு விஷயத்தைத் தனியே சொல்லுதல் வேண்டும். பேய் இருக்கிறதே என்பதற்காக இந்நூல்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாம் அனைவரும் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவர்களே. எனக்கு உறுத்தியது எட்வர்டின் காதல் முறை. அவளுக்குத் தெரியாமல் இரவில் சாளரத்தின் வழியே அவள் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பல இரவுகள் நிற்கிறான். பின்னர் இதை அறிந்த பெல்லா மகிழ்ந்துபோகிறாள். இரண்டாம் நூலில் அவன் விட்டுச் சென்றதும் அவள் நடைப்பிணமாகிறாள். அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதத்தின் பெயரை மாத்திரம் அச்சிட்டுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார் ஆசிரியை. உத்தி அழகானதே. அதற்குப்பின் ஆபத்தில் சிக்கினால் அவன் குரல் காதில் கேட்கிறது என்பதற்காக மலைமுகட்டிலிருந்து கடலில் குதிக்கிறாள். இதையெல்லாம் காதலின் பெருமை என்றே நூல் நடத்திச் செல்கிறது.

இதைப்பற்றி நான் பிரசங்கம் செய்யவில்லை. “ஊருக்குப் போகிற இரவு வண்டியில், முன்பின் தெரியாத ஒருவன் உன் படுக்கையருகே நின்று விடியும்வரை உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வாய்?” என்று அவளைக் கேட்டேன். “ரயில்வே பாதுகாப்புப் படையைக் கூப்பிடுவேன்” என்றாள் உடனே. சற்று யோசித்து, “அவன் அழகாக இருந்தாலும் கூப்பிடுவேன்” என்றாள். புத்தகங்களைக் காகிதக்காரனிடம் போட வேண்டியதில்லை என்று என் தமக்கைக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

வேறொரு கடனும் இந்நூல்களின் கணக்கில் நிற்கிறது. ஜேக்கப்பின் கூட்டத்தாராகிய குவிலியூட் மக்கள் கற்பனை மாந்தர் அல்லர். ஃபோர்க்ஸ் ஊருக்கு அருகே பசிபிக் கடற்கரையில் லா புஷ் என்னும் சிற்றூரில் வாழும் உண்மையான பழங்குடியினர். உலகைச் சுற்றிவந்த தெய்வம் ஒன்று ஓநாய்களை மனிதராக்கியது, அவர்களே தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய தொல்கதை. அக்கதையிலிருந்து ஒரு நூலை உருவி, மனிதர் ஓநாயாக மாறிக் காட்டேரியோடு பொருதுவதாக ஆசிரியை வேறு துணி நெய்துகொண்டார். அவர்களுடைய பெயரைத் தாங்கிய பண்டங்களை யார் யாரோ விற்றார்கள். அந்தச் செல்வத்தில் அம்மக்களுக்குக் கிடைத்தது சொற்பம். அவர்களுடைய ஊர் ஆழிப்பேரலை வந்தால் மூழ்கும் தாழ்நிலம். மேட்டுநிலம் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். 2012-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி அருகிலுள்ள தேசியப் பூங்காவிலிருந்து சுமார் 785 ஏக்கர் அளித்தது. நூல்களைப் படித்த கோடிக்கணக்கானவருள் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

இத்தனை குறை சொன்ன பிறகும், மூன்றாம் நூலில் ஓர் இடத்தை நான் இருமுறை படித்தேன். எட்வர்டின் தமக்கை முறையாகிய ரோசலி தன் வரலாற்றைச் சொல்லும் இடம். 1933-இல், திருமணம் நிச்சயிக்கப்பட்ட நிலையில், மணமகனாகவிருந்தவனும் அவன் தோழர்களும் குடிவெறியில் அவளைச் சீரழித்துத் தெருவில் சாக விட்டுப் போகிறார்கள். கார்லைல் காப்பாற்றிக் காட்டேரியாக்குகிறார். அவள் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கொல்கிறாள். மணமகனைக் கடைசியாக, மணப்பெண் உடையிலேயே சென்று கொல்கிறாள். அவர்களுடைய இரத்தத்தில் ஒரு துளியும் அருந்தவில்லை. அந்தக் கயவரில் எவருடைய கூறும் தன் உடலில் தங்கக்கூடாது என்பது அவள் எண்ணம். ஒரு குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சும் சாதாரண வாழ்வுக்காக இன்றும் ஏங்குகிறேன், நீ அதை வீசி எறியாதே என்று பெல்லாவிடம் சொல்கிறாள். கொடுத்த விலையை மறக்காதவள் அந்நான்கு நூல்களில் இவள் ஒருத்தியே.

இவளைப் படித்ததும், சமணர் கைபட்டு நீலகேசியாவதற்கு முற்பட்ட பழைய நீலி என் கண்முன் வந்து நின்றாள். ‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல் நம் வீடுகளில் அன்றாடம் வழங்குகிறது. கதை தெரிந்த பிள்ளைகள் அருகிவிட்டார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் சிறிது மாறும்.

கணவன் கையால் கொலையுண்ட பெண் ஒருத்தி பேயானாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்தான். அவனிடம் மந்திரக் கத்தி ஒன்று இருந்ததால் அவளால் அவனை நெருங்க முடியவில்லை. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, மனைவி வடிவில் அவனைப் பழையனூருக்குத் தொடர்ந்தாள். எழுபது வேளாளர் கூடிய அவையில், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று கண்ணீர் வடித்தாள். கட்டைக் குழந்தை அவனை அப்பா என்று அழைத்தது. இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்று அவன் கதறினான். அவையோர் நம்பவில்லை. கத்தியை இங்கே வைத்துவிட்டு மனைவியோடு தங்கு. உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்றார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள்.

இக்கதையைத் தமக்கை வீட்டு மாடியில் ஒருநாள் மின்சாரம் நின்றிருந்த வேளையில் சொன்னேன். பெண் இடையிடையே குறுக்கிட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் கொலைசெய்தவன் அவன்தானே, அப்படியானால் நீலிமேல் என்ன தவறு என்றாள். தீர்ப்புச் சொன்னவர்கள் ஏன் சாக வேண்டும் என்றாள். குழந்தைக்காகத்தானே அவர்கள் நம்பினார்கள், கட்டையென்று எப்படித் தெரியும் என்று அவளே அவர்களுக்காக வாதாடினாள். இரவு உணவுக்கு அழைக்கும் வரை வழக்கு முடியவில்லை. இருபது நிமிடத்தில் சொல்லி முடித்த கதை இது.

அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. நம் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. நீலகேசியை வாமன முனிவரின் உரையோடு 1936-இல் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். அது புலவர்களுக்கு உரியது. பதினாறு வயதுப் பெண் இரவில் போர்வைக்குள் விளக்கு வைத்துப் படிக்கத்தக்க தமிழ் நீலியை யாராவது எழுதினால், நம் சங்க நூலகத்துக்கு நான் முதற்பிரதி வாங்கித் தருகிறேன். கார்லைலைக் கற்பனை செய்தவருக்கு எவ்விதத்திலும் குறையாத ஆசிரியர் நம்மில் இருக்கலாம்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு தகவல். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார வண்டி திருவள்ளூரைத் தாண்டியபின் திருவாலங்காடு நிலையத்தில் நிற்கும். காரைக்கால் அம்மையார் பேயுருவில் இறைவனின் ஆடலைக் கண்ட தலம் அதுவே. பழையனூர் அதற்கு அண்மையில் உள்ளது. வேளாளர் தீப்பாய்ந்த இடம் என்று ஒரு மண்டபத்தையும் காட்டுகிறார்கள். என் தமக்கை குடும்பத்தார் மே மாதத்தில் செல்லச் சீட்டுப் பதிவாகிவிட்டது. வண்டியில் படிக்க மூன்றாம் புத்தகத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளப் போவதாகப் பெண் சொல்லியிருக்கிறாள். ரோசலியின் கதை அதில் இருக்கிறது. நான்காவதைத் தோழி ஒருத்தி இரவல் கேட்டாளாம். திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.